அவள் பெயரில் ஒரு பதில்

இரண்டு பெயர் இருக்க வேண்டிய பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அது அவளுடையது இல்லை.

அந்தப் பெயருக்குக் கீழே ஒரு கோடு. வெறும் கோடு. துறை அலுவலகத்துக்கு வெளியே கண்ணாடி போட்ட பலகையில் குண்டூசி குத்தி மாட்டியிருந்தார்கள். பின்வரிசை நெட்டையன் அவளுக்கு முன்னால் நின்று, தன் பெயரை போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான்.

"நீயும்தானே செலக்ட் ஆனே? உன் பேரைக் காணோமே?" என்று கேட்டான்.

"டைப் அடிக்க மறந்திருப்பாங்க" என்றாள்.

மறக்க வாய்ப்பே இல்லை. போன வாரம் நேர்முகத் தேர்வு முடிந்ததும் அந்தக் குடிநீர் நிலையத்துப் பொறியாளரே கையைப் பிடித்துக் குலுக்கி, "அடுத்த மாசம் நிலையத்துல பார்ப்போம்" என்று சொல்லியிருந்தார். வகுப்பில் பதினான்கு பேர். இடம் இரண்டே இரண்டு. ரயிலில் மூன்று மணி நேரம் தள்ளி ஒரு சின்ன ஊர்; அங்கே ஒரு நகரமே குடிக்கிற தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற நிலையம்; நான்கு மாதம் கையால் தொட்டு வேலை. அது கிடைக்காத பன்னிரண்டு பேரும் அதே நான்கு மாதம் வகுப்பறையில் உட்கார்ந்து படம் பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டியதுதான்.

"பூமிக்கு அடியில போற குழாயில கசிவு இருக்குன்னு கருவி இல்லாம எப்படிக் கண்டுபிடிப்பே?" என்று பொறியாளர் கேட்டபோது, "தரையில காதை வெச்சுக் கேட்பேன்" என்று அவள் சொன்னாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பிளம்பர் பெற்ற பெண்ணுக்கு அது படிப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு போய்ச் செய்கிற வேலை.

வீட்டில் அவளுக்கு 'வக்கீல்' என்று பெயர். மூன்று வயதில் இருந்தே எதற்கெடுத்தாலும் ஏன் ஏன் என்று எதிர்த்துக் கேட்டதால் வந்த பெயர். அந்த வீட்டில் பிறந்தவர்களில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள், முதன்முதலாக விமானம் ஏறியவள், இந்த ஊருக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. ஆறு வாரத்தில் அவள் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேருந்தில் தவறான வாசலில் ஏறியதற்காக ஓட்டுநர் எல்லோர் முன்னாலும் கத்தியபோதும், அறைத்தோழி ஃபிரிட்ஜில் அவளுக்கு என்று ஒரே ஒரு தட்டு ஒதுக்கியபோதும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள். வந்த இடம், அனுசரித்துப் போக வேண்டும் என்று அண்ணன் விமான நிலையத்தில் சொல்லி அனுப்பியிருந்தான்.

கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

படிப்பின் ஒருங்கிணைப்பாளர் ஐம்பது வயதுப் பெண்மணி. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, அதையே மேசை முழுவதும் தேடுகிறவர். இவளைப் பார்த்ததும் அவர் முகம் கொஞ்சம் இறுகியது.

"வாங்க. நானே உங்களைக் கூப்பிட்டுப் பேசணும்னு இருந்தேன். எனக்கு ரொம்ப ஏமாற்றம். ஆனா உங்க முடிவு."

"என்ன முடிவு?"

அவர் ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

மின்னஞ்சல். ஆறு நாளைக்கு முன் வந்தது. கீழே அவள் பெயர். தவிர்க்க முடியாத குடும்பக் காரணங்களால் இந்தப் பயிற்சியை ஏற்க முடியவில்லை. இந்த வாய்ப்புக்கு என்றும் நன்றியுடன் இருப்பேன். என் இடத்தைத் தகுதியுள்ள இன்னொருவருக்கு அளிக்கக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு எழுத்துப்பிழை கிடையாது. கோர்வையான, மரியாதையான, அழகான ஆங்கிலம்.

அவள் எழுதாத கடிதம்.

"இதை நான் எழுதலை."

ஒருங்கிணைப்பாளர் தலையில் இருந்த கண்ணாடியைக் கண்டுபிடித்து மாட்டிக்கொண்டார். "உங்க முகவரியில இருந்துதானே வந்திருக்கு?"

ஆமாம். அவள் முகவரிதான். அவள் பெயரில்தான் இருந்தது. ஆனால் அதைத் தொடங்கியது அண்ணன். விண்ணப்பம் போடும்போது பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, தன் போன் நம்பரைக் கொடுத்து, அவன்தான் உண்டாக்கினான். "உன் போன் ரெண்டு நாளைக்கு ஒரு தடவை செத்துப்போகுது. எல்லாம் எனக்கு வரட்டும், நான் பார்த்துச் சொல்றேன்" என்றான். இங்கே வந்த பிறகும் கல்லூரிக் கடிதம் எல்லாம் அவன் கைக்குப் போய், அவன் திரையைப் படம் எடுத்து இவளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். நூலக அட்டை, கால அட்டவணை, எல்லாம். முகவரியை மாற்ற வேண்டும் என்று அவளும் நினைத்தாள். நினைத்ததோடு சரி. அண்ணன் பார்த்துக்கொள்வான் என்பது அந்த வீட்டில் மூச்சு விடுகிற மாதிரிப் பழகிப்போன விஷயம்.

"எங்க வீட்டுல இருந்து... எங்கண்ணன் எழுதியிருக்கார்" என்றாள்.

"உங்க வயசு என்ன?"

"இருபத்திமூணு."

அவர் அவளை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வைதான் கன்னத்தில் விழுந்த அறை மாதிரி இருந்தது.

"புகார் எழுதணும்னா எழுதலாம். உங்க பேர்ல இன்னொருத்தர் எழுதுறது சின்ன விஷயம் இல்ல."

"வேணாம். எனக்கு இடம் வேணும். என்ன பண்ணணும்னு சொல்லுங்க."

"நிலையத்துக்காரங்க அனுப்பின மெயில்லயே ஏற்கிறேன், மறுக்கிறேன்னு ஒரு லிங்க் இருக்கும். அவங்க கம்ப்யூட்டர் அதைத் தவிர வேற எதையும் ஒத்துக்காது. உங்க லெட்டர் வந்ததும் நான்தான் அதை மூடச் சொன்னேன். மறுபடி திறந்துவிடச் சொல்றேன். மூணு மணி வரைக்கும்தான். மூணு மணிக்கு அடுத்த ஆளைக் கூப்பிட்டாகணும்."

"இன்னொரு முகவரிக்கு அனுப்ப முடியாதா?"

"முகவரி மாத்த மூணு வேலை நாள்."

மணி பதினொன்று இருபது.

சைக்கிள் நிறுத்துகிற கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். போனில் அந்த முகவரியைத் திறக்கப் பார்த்தாள். தெரிந்த பாஸ்வேர்டு அப்பாவின் பழைய ஸ்கூட்டர் எண். தவறு என்றது. மறுபடி அடித்தாள். தவறு.

மாற்றியிருக்கிறான். அவளுக்குத் தெரியக் கூடாது என்றே மாற்றியிருக்கிறான்.

அண்ணனைக் கூப்பிட்டாள். இங்கே முற்பகல் என்றால் அங்கே பொழுது சாய்கிற நேரம். வீட்டு வாசலிலேயே அவனுக்கு டூ வீலர் மெக்கானிக் ஷெட். ஏதோ வண்டியை முறுக்கிவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தான்.

"என்ன வக்கீலு, இந்த நேரத்துல? சாப்டியா?"

"எனக்கு வந்த வேலையை வேணாம்னு எழுதினியா?"

வண்டி சத்தம் நின்றது.

"ஆமா" என்றான். தயக்கம் துளியும் இல்லை. "எழுதினேன்."

"யாரைக் கேட்டு எழுதினே?"

"உன்னைக் கேட்டா சரின்னுருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கலை."

"அண்ணா, அது வேலை மட்டும் இல்ல. அதுதான் படிப்பே. அதுக்குத்தான் நான் இங்க வந்தேன்."

"நீயே சொன்னே, அங்க தங்குறதுக்கு ஒரே வீடுன்னு. ரெண்டு பேருக்கு ஒரே வீடு. இன்னொருத்தன் ஆம்பளை. நாலு மாசம்! நாளைக்கு நாலு பேர் என்கிட்ட கேட்டா நான் என்ன சொல்றது?"

"உன்கிட்ட கேக்கிற அந்த நாலு பேர் யாருன்னு சொல்லு, நானே போன் பண்ணிப் பேசிக்கிறேன்."

"இந்த வாய்தான்... இந்த வாய்க்குத்தான் வக்கீல்னு பேர் வெச்சோம்."

"அந்த வீட்டுல ரெண்டு ரூம் இருக்கு. ரெண்டுக்கும் தனித்தனிப் பூட்டு இருக்கு. இதையும் அன்னைக்கே சொன்னேன். அது மட்டும் உன் காதுல விழலை, இல்ல?"

"பத்தாவதோட நான் நின்னேன். எதுக்கு நின்னேன்? நீ படிக்கணும்னு நின்னேன். உனக்கு அங்க ஒண்ணு ஆச்சுன்னா நான்தான் அப்பாவுக்குப் பதில் சொல்லணும். அந்த உரிமைகூட எனக்கு இல்லையா?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எரிச்சல். அவன் நின்றது நிஜம். அவள் பரீட்சைக்குப் படிக்கும்போது ஷெட்டில் வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய் ஸ்டார்ட் பண்ணியவன் அவன்தான். அதற்காக அவள் வாழ்க்கை முழுக்க அவன் தள்ளிக்கொண்டு போகிற வண்டியா?

"அப்பாவுக்குத் தெரியுமா?"

அவன் வண்டியை மறுபடி ஒரு முறுக்கு முறுக்கினான்.

"தெரியாது. சொல்லியிருக்க மாட்டே. சரி, அதை விடு. உன் போனுக்கு இப்ப ஒரு நம்பர் வரும், ஆறு இலக்கம். அதைச் சொல்லு. மூணு மணிக்குள்ள நான் உள்ள போகணும்."

"நம்பர் வந்தா வரட்டும். நான் சொல்ல மாட்டேன்."

"அண்ணா!"

"படிக்கப் போனே, படிச்சுட்டு வா. இடையில வேற எதுவும் வேணாம்."

"சரி. ஒண்ணு மட்டும் சொல்லு. அந்த லெட்டரை யார் எழுதினது? நீ எழுதலை. பொம்பளைக்கும் 'ஓகே சார்'னு பதில் போடுறவன் நீ."

"எழுதித் தர நம்ம வீட்டுல ஆள் இருக்கு" என்றான் அண்ணன், பெருமையாக. போனை வைத்துவிட்டான்.

அவள் தாளை மறுபடி பிரித்துப் பார்த்தாள். 'என்றும் நன்றியுடன் இருப்பேன்.' இந்த வரியை அவளுக்குத் தெரியும். இந்தக் கல்லூரியில் இடம் கேட்டு அவள் எழுதிய கட்டுரையின் கடைசி வரி இது. அவள் எழுதியதை அடித்துத் திருத்தி, "இப்படி முடி, நல்லாருக்கும்" என்று சொல்லிக்கொடுத்தது அண்ணி.

உள்ளே கொண்டுவந்து சேர்த்த கைதான் வெளியே தள்ளியும் இருக்கிறது.

அண்ணன் எழுதியிருந்தால் கோபத்தோடு போயிருக்கும். இது அப்படிப் போகவில்லை.

அண்ணியைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. இரண்டாம் முறை, மூன்றாம் முறை, எடுக்கவில்லை. ஒரு மணிக்கு வகுப்பு. போய் உட்கார்ந்தாள். குளோரினை எவ்வளவு கலந்தால் கிருமி சாகும், எவ்வளவு கலந்தால் மனுஷனுக்கு ஆகாது என்று பேராசிரியர் விளக்கிக்கொண்டிருந்தார். அவள் நோட்டில் ஒரே வரியை மூன்று தடவை எழுதியிருந்தாள். போனை மேசைக்கு அடியில் வைத்து அண்ணிக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பினாள்: 'லெட்டர் ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க.'

இரண்டு இருபத்தைந்துக்கு அண்ணி கூப்பிட்டாள். வகுப்பை விட்டு அப்படியே எழுந்து வெளியே ஓடினாள்.

"சொல்லுங்க அண்ணி. என் பேர்ல கையெழுத்துப் போட எப்படி இருந்துச்சு?"

"கத்தாதே. கேளு."

"கேக்கத்தான் போறேன். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, ஃபர்ஸ்ட் கிளாஸ். சர்டிபிகேட்டைப் புடவைக்கு அடியில வெச்சுட்டு உக்காந்திருக்கீங்க. நான் கிளம்புறப்ப என்னைக் கட்டிப்பிடிச்சு என்ன சொன்னீங்க? 'நீயாவது போ'ன்னு சொன்னீங்க. அது நீங்கதானே? இல்ல அதையும் வேற யாராவது எழுதிக் குடுத்தாங்களா?"

பின்னால் குக்கர் ஒரு விசில் அடித்தது.

"அன்னைக்கு உங்கண்ணன் உன்னைத் திரும்ப வரச் சொல்லணும்னு குதிச்சார். டிக்கெட் போட ஆளைக் கூப்பிட்டாச்சு. நான்தான் சொன்னேன், வேலையை மட்டும் வேணாம்னு எழுதிடலாம், படிப்பு இருக்கட்டும்னு. எழுதலைன்னா நீ இந்நேரம் இங்க இருந்திருப்பே."

"கழுத்தை அறுக்க வந்தவர்கிட்ட கையை மட்டும் வெட்டுங்கன்னு சொல்லியிருக்கீங்க. அதுக்கு நான் கும்பிடணுமா?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே! ஆறு நாள் அண்ணி! ஆறு நாளா தினமும் என்கிட்ட பேசியிருக்கீங்க. 'குளிரா இருக்கா, சாக்ஸ் போட்டுக்கோ'ன்னு. சாக்ஸைப் பத்திப் பேச நேரம் இருந்துச்சு, இதைச் சொல்ல இல்லையா?"

"சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பே."

"ஆமா, போட்டிருப்பேன்!"

"போட்டுட்டு நீ போனை வெச்சுடுவே" என்றாள் அண்ணி. குரல் ஏறவே இல்லை. "நீ அங்க இருந்து போடுற ஒவ்வொரு சண்டைக்கும் இங்க அவர் முன்னாடி நிக்கிறது நான். ஏழு வருஷமா நிக்கிறேன். உன் காலேஜுக்கு நின்னேன், பாஸ்போர்ட்டுக்கு நின்னேன், விசாவுக்கு நின்னேன். அன்னைக்கு ஒரு நாள் எனக்குக் கால் வலிச்சுது. உக்காந்துட்டேன்."

வக்கீலுக்குக் கோபம் குறையவில்லை. நியாயம் எதிராளியின் பக்கம் கொஞ்சம் இருந்தால் கோபம் குறையும் என்று யார் சொன்னது? கூடத்தான் செய்தது.

"எனக்கு அந்த நம்பர் வேணும் அண்ணி" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "மூணு மணிக்கு முன்னாடி வேணும். அதுக்கப்புறம் நீங்க உக்காருங்க, படுங்க, என்ன வேணா பண்ணுங்க."

அடுப்பை அணைக்கிற சத்தம். கொலுசு இல்லாத காலடி நான்கைந்து.

"வண்டியை ஓட்டிப் பார்க்கப் போயிருக்கார். போன் சார்ஜ்ல கிடக்கு. அனுப்பு."

'நம்பர் அனுப்பு' என்ற கட்டத்தை அழுத்தினாள்.

"வந்துச்சு. நாலு, ஒண்ணு, ஒம்பது. எழுதிட்டியா? ஆறு, சைபர், ரெண்டு."

தவறு என்றது.

"அண்ணி, தப்புன்னு வருது!"

"பதறாதே. நான் சொன்னது சரி. நீ ஒம்பதை ஆறா போட்டிருப்பே, ஸ்கூல் படிக்கிறப்பலேருந்து உனக்கு அது பழக்கம். மெதுவா போடு."

போட்டாள். திறந்தது. மணி இரண்டு நாற்பத்தாறு. நிலையத்தின் கடிதத்தைத் தேடிப் பிடித்தாள். 'ஏற்கிறேன்' என்ற கட்டத்தைத் தொட்டாள். ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சுற்றியது. சுற்றியது. பிறகு பச்சை எழுத்தில் நன்றி சொன்னது.

"முடிஞ்சுதா?" என்றாள் அண்ணி.

"முடிஞ்சுது."

"சரி. சாக்ஸ் போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மூன்று அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, அவள் போய்ச் சொன்னதும், ஒருங்கிணைப்பாளர் அறையை விட்டு வெளியே வந்து, கண்ணாடிப் பலகையைத் திறந்து, அந்தக் கோட்டின் மேல் பேனாவால் அவள் பெயரை எழுதினார். ஒரு எழுத்தை விட்டுவிட்டு எழுதினார். ஆறு வாரமாக எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், அவளும் சும்மா இருந்தாள்.

"ஒரு எழுத்து குறையுது" என்றாள் இப்போது. "சேர்த்து எழுதுங்க."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். பேனாவை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

நூலகத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து அவள் செய்த முதல் காரியம், அந்த முகவரியிலிருந்து அண்ணனின் நம்பரை நீக்கியது. தன் நம்பரைப் போட்டாள். பாஸ்வேர்டை மாற்றினாள். பிறகு, இன்னும் என்னென்ன எழுதித் தொலைத்திருக்கிறார்களோ என்று அனுப்பியவற்றை எல்லாம் திறந்து பார்த்தாள். பதினொன்று. அதில் பத்து அண்ணனின் 'ஓகே சார்'. பதினொன்றாவது அந்த மறுப்பு.

அதற்குப் பக்கத்தில் வரைவுகள் என்ற இடத்தில் ஒன்று என்று எண் காட்டியது.

தொட்டாள்.

கல்லூரிக்கு எழுதப்பட்டு, அனுப்பாமல் விட்ட கடிதம். மறுப்புக் கடிதம் போன அதே நாள். நாற்பது நிமிடம் கழித்து.

'மதிப்புக்குரியவர்களுக்கு, நான் வேதியியலில் முதுநிலைப் பட்டம் பெற்றவள். ஏழு ஆண்டுகளாக எந்தப் பணியிலும் இல்லை. என்னைப் போன்றவர்கள் இந்தப் படிப்புக்கு'

அவ்வளவுதான். வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. கூப்பிட யாராவது வந்திருப்பார்கள். அல்லது குக்கர் விசில் அடித்திருக்கும்.

அவள் அந்த இரண்டரை வரியை எத்தனை தடவை படித்தாள் என்று தெரியாது. கோபம் இருந்தது, அப்படியே இருந்தது. ஆனால் அதை அண்ணி மேல் காட்டியது இப்போது தப்பாகத் தெரிந்தது. 'விண்ணப்பிக்க முடியுமா?' என்று இரண்டு வார்த்தை சேர்த்தால் வாக்கியம் முடிந்துவிடும். சேர்த்தாள். கீழே அண்ணியின் பெயரைப் போட்டாள். அனுப்பு என்ற நீலக் கட்டத்தின் மேல் விரல் போய் நின்றது.

யாரைக் கேட்டு எழுதினே?

காலையில் சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் அவளே கத்திய கத்தல், இப்போது அவள் காதிலேயே விழுந்தது. விரலை எடுத்தாள். சேர்த்த வார்த்தைகளை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். பெயரையும் அழித்தாள்.

அண்ணியைக் கேட்க வேண்டும். இப்போதே, வாய்விட்டு, நேராகக் கேட்க வேண்டும். போனை எடுத்தாள்.

அதற்குள் போன் அடித்தது. அண்ணன்.

"என் நம்பரை நீ எடுத்துட்டதா மெசேஜ் வந்திருக்கு" என்றான். அவன் குரல் அவள் இதுவரை கேட்டிராத அளவுக்கு அமைதியாக இருந்தது. "உள்ள போறதுக்கு நம்பர் என் போனுக்குத்தான் வந்திருக்கணும். என் போன் வீட்டுலதான் இருந்துச்சு. யார் குடுத்தது?"

நூலகத்தில் எல்லோரும் குனிந்து படித்துக்கொண்டிருந்தார்கள். அவள் போனைக் கையால் மூடிக்கொண்டு எழுந்து வாசல் பக்கம் போனாள்.

"அண்ணா, நான் சொல்றதைக் கேளு..."

"யார் குடுத்ததுன்னு கேட்டேன்."

அவனுக்குப் பின்னால், கொஞ்ச தூரத்தில் இருந்து, ஏறாத குரல் ஒன்று தெளிவாகக் கேட்டது.

"அவளை எதுக்குக் கேக்கிறீங்க? என்னைக் கேளுங்க. நான்தான் குடுத்தேன்."

பிறகு ஏதோ கீழே விழுகிற சத்தம். லைன் அறுந்தது.